ஞாயிற்றுக்கிழமை மீன் விற்றால் ஊழியம் கிடையாதா?

நம்ம சபை வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காசிமேட்டில் மீன் விற்கிற அக்காவைப் பெண்கள் ஐக்கியப் பொறுப்புக்குச் சொன்னதும் வந்த பதில்: "ஞாயிறு காலை ஆராதனைக்கே வராதவங்களுக்கு என்ன ஊழியம்?" அதற்குக் கீழே வரிசையாக ஆமென்.

காசிமேட்டில் ஞாயிறுதான் வியாபாரமே. விடியும் முன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு உட்கார்ந்தால் மதியம் வரை தலை நிமிர முடியாது. அந்த அக்கா சாயங்கால ஆராதனைக்குத் தவறாமல் வருகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, வரத்து குறைந்துவிடும். அந்த நாட்களில் காலையிலும் முன்வரிசையில் இருப்பார், கையில் காசில்லாமல். அதை யாரும் குரூப்பில் போடவில்லை.

காலை ஆராதனை முடிந்து வஞ்சிரமும் இறாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது யார்? நாம்தான். வாங்கினால் பாவமில்லை, விற்றால் மட்டும் பாவமா?

அவரிடம் மீன் வாங்கிப் பாருங்கள். ஐஸ் தண்ணியை வடியவிட்டுத்தான் தராசில் வைப்பார். செவுளைத் தூக்கிக் காட்டி, "இது நேத்து சரக்கு தம்பி, உனக்கு வேணாம்" என்பார். "சுமுத்திரையான தராசு", அதாவது கள்ளமில்லாத சரியான தராசு, என்று லேவியராகமம் 19:36 சொல்வதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். தேவன் தந்த அழைப்புக்கு உண்மையாக இருப்பது என்றால் இதுதான்.

என் அப்பா கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் டாலி கிளார்க். மூட்டைக் கணக்கை ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதித் தர மாட்டார். அதனால் கடைசிவரை ராத்திரி ஷிப்ட்தான். அவரை ஒருநாளும் யாரும் சபை முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. கார் வாங்கியவர்களைக் கூப்பிட்டார்கள்.

"ஓய்வுநாள் கட்டளை இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2:27-ம் இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஞாயிறு டூட்டி பார்க்கிற நர்ஸ் தங்கச்சிக்காக ஜெபிக்கிறோம், அது சேவை. மீன் கூடைக்கு மட்டும் வேறு சட்டமா? "சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது" என்பீர்கள். சாயங்காலம் கூடுவது சபை இல்லையா? "இதையெல்லாம் முகநூலில் எழுதணுமா" என்று கேட்பவர்களுக்கு: குரூப்பில்தான் முதலில் எழுதினேன். அழித்துவிட்டார்கள்.

இயேசு கூப்பிட்டபோது பேதுருவும் அந்திரேயாவும் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாக்கோபும் யோவானும் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தேயு வரி வசூலிக்கிற ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தார். தேவாலயத்தில் வைத்து ஒருவரையும் கூப்பிடவில்லை, பிழைப்பு நடக்கிற இடத்துக்கே இயேசு போனார். ராயபுரத்தில் பேதுரு பெயரில் நிற்கிற கோயிலைக் கட்டியதே படகுக்காரர்கள்தான். அந்த மண்ணில் இருந்துகொண்டு மீன்காரம்மாவுக்கு ஊழியம் இல்லையாம்.

பிரச்சினை ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. சாயங்கால ஆராதனையில் அவர் வந்து உட்கார்ந்ததும் புடவையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்திருக்கிறார். அதனால்தான் குளித்து, துவைத்த புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்தும் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறார்.

அக்கா குரூப்பை விட்டுப் போய்விட்டார். ஆமென் போட்டவர்கள் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேளுங்கள். போன் பண்ணினால் போதாது.