ஒரு மாத்திரையை வைத்து முடிவு கட்ட வேண்டாம்

"சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) ஒருமுறை போட்டும் எழுச்சி வரவில்லை என்றால் ஆணுறுப்பு ரத்தக்குழாய் அடைத்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. மாத்திரை ஒன்றும் ரத்தத்தைத் தள்ளும் பம்பு அல்ல. கிளர்ச்சி வந்தால் நரம்பு நுனிகளில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, ரத்தக்குழாயைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே விடும் சிஜிஎம்பி என்ற வேதிப்பொருள் உருவாகும். அது சீக்கிரம் சிதையாமல் காப்பதே மாத்திரையின் வேலை. கிளர்ச்சி இல்லையா, மாத்திரையும் சும்மா கிடக்கும். பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போட்டால் பலன் தாமதமாகும். சர்க்கரை நோயிலோ புராஸ்டேட் அறுவைக்குப் பிறகோ நரம்பு கெட்டிருந்தாலும் பலன் குறையும்.

தமனி குறுகியிருந்தால் பலன் குறைவது உண்மைதான். வந்த ரத்தம் சிரை வழியே கசிந்தாலும் அப்படித்தான். இதைப் பிரித்தறிய, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் இருக்கிறது. அப்புறம், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.