கொடுத்துக்கொண்டே இருந்த மரமும் நன்றி சொல்லாத பையனும்

அன்னையர் நாள் வந்தால் போதும், 'தி கிவ்விங் ட்ரீ' படக்கதைப் புத்தகத்தின் பச்சை அட்டை யாராவது ஒருவர் பக்கத்தில் முளைத்துவிடுகிறது. கூடவே "அம்மா என்றால் இதுதான்" என்று ஒரு வரி. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. புத்தகம் எனக்கு மிகவும் பிடித்தது. கடைசிப் பக்கங்களைப் படிக்காமலேயே இவர்கள் பரிசுத்தாளில் சுற்றிவிடுகிறார்களோ என்ற சந்தேகம்தான் எரிச்சலுக்குக் காரணம்.

தெரியாதவர்களுக்காகக் கதை. ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதி, வரைந்து 1964இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஓர் ஆப்பிள் மரத்துக்கு ஒரு சிறுவன் மேல் கொள்ளைப் பிரியம். அவன் அதன் கிளையில் ஊஞ்சலாடுகிறான், இலைகளைக் கிரீடமாக்கிக் காட்டுக்கு ராஜாவாகிறான், நிழலில் தூங்குகிறான். வளர்ந்ததும் பணம் வேண்டும் என்கிறான்; பழங்களை விற்றுக்கொள் என்கிறது மரம். வீடு வேண்டும் என்று வருகிறான், கிளைகள் போகின்றன. எங்காவது தொலைதூரம் போகப் படகு வேண்டும் என்கிறான், அடிமரமும் போகிறது. கடைசியில் கிழவனாகத் திரும்பி, மிச்சமிருக்கும் கட்டையில் உட்காருகிறான். (அட்டையின் பின்புறத்தில் மொட்டைத் தலையும் தாடியுமாக ஆசிரியர் முறைத்துக்கொண்டிருப்பார். பல குழந்தைகளுக்குக் கதையைவிட அந்தப் புகைப்படம்தான் அதிகம் நினைவில் நிற்கும்.)

இது குழந்தைகளுக்கும் ஆகாது, பெரியவர்களுக்கும் ஆகாது, இரண்டுங்கெட்டான் என்று சொல்லி ஒரு பதிப்பாசிரியர் முதலில் திருப்பி அனுப்பினாராம். வியாபாரக் கணக்கில் அவர் தோற்றார். ஆனால் புத்தகத்தின் குணத்தை அவர் சரியாகவே பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு முறை கொடுத்த பிறகும் மரம் மகிழ்ச்சியாக இருந்தது என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அடிமரம் வெட்டப்பட்ட இடத்தில் மட்டும் அந்த வரியோடு, உண்மையில் அப்படி இல்லை என்று சின்னதாக ஒரு வால் சேரும். அந்த வாலை விழுங்கிவிட்டுத்தான் பலர் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். கொடுத்தவற்றின் வரிசையையும் பாருங்கள். பழம் அடுத்த பருவத்தில் மறுபடி காய்க்கும். கிளை தழைத்தாலும் தழைக்கலாம். அடிமரம் போனால் போனதுதான். இத்தனைக்கும் அவன் கிளையைக் கேட்கவில்லை, அடிமரத்தையும் கேட்கவில்லை. வீடும் படகும்தான் கேட்டான். என்னை வெட்டிக்கொள் என்று வழி சொல்லிக் கொடுத்தது மரம். கடைசியில் அவன் வரும்போது, உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே என்று மன்னிப்புக் கேட்பதும் மரம்தான். பையன் புத்தகம் முழுக்க ஒரு நன்றிகூடச் சொல்வதில்லை.

ஒரு படத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள். சிறுவயதில் அவன் மரப்பட்டையில் ஓர் இதயம் செதுக்கி, உள்ளே தனக்கும் மரத்துக்கும் உரிய எழுத்துகளைப் பொறித்திருப்பான். இளைஞனானதும் அதற்கு மேலே இன்னோர் இதயம், அதில் ஒரு பெண்ணின் எழுத்துகள். மரத்தை அவன் வெட்டும்போது மேலே இருந்த இதயம் அடிமரத்தோடு போய்விடுகிறது. கீழே இருந்த பழைய இதயம் கட்டையிலேயே தங்கிவிடுகிறது. இதைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. வெறும் கறுப்புக் கோட்டுச் சித்திரம்தான்.

இப்போது பையன் பக்கம் வருவோம், அந்தப் பக்கம் யாரும் அதிகம் போவதில்லை. அக்கா மகளுக்கு இதைப் படித்துக் காட்டியபோது அவள் கேட்டாள்: "அவனுக்குத்தான் வீடு இருக்கிறதே, பிறகு ஏன் கட்டையில் வந்து உட்காருகிறான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வீடு என்ன ஆயிற்று, மனைவி மக்கள் எங்கே, படகு எந்தக் கரையில் கிடக்கிறது என்று புத்தகம் சொல்வதே இல்லை. மரம் கொடுத்த எதுவும் அவனை நிறைக்கவில்லை. ஒவ்வொரு கொடையும் அவனை இன்னும் கொஞ்சம் தொலைவுக்கு அனுப்பியது, அவ்வளவுதான்.

அதோடு, நரை விழுந்து வரும் மனிதனிடமும் மரம் என்ன சொல்கிறது? வா பையா, வந்து விளையாடு! அவன் வளர்ந்துவிட்டான் என்பதே அதன் கண்ணில் படவில்லை. அவனுக்கு என்ன நேர்ந்தது, ஏன் இவ்வளவு தூரம் ஓடப் பார்க்கிறான் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். தன்னையே கொடுத்தது, அவனை விசாரிக்கவில்லை. அவனும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான், நின்று பேசவில்லை. ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார், இரண்டு பேருக்கு இடையிலான உறவு, அவ்வளவுதான் என்று சில்வர்ஸ்டீனே இதைச் சொல்லியிருக்கிறார். நான் அவரை நம்புகிறேன். இதைத் தாய்மைக்குக் கட்டிய கோயிலாக ஆக்கியது நாம்தான். மூலத்தில் மரம் பெண்ணாகவே பேசப்படுவதும் அதற்கு வசதியாகப் போயிற்று. தியாகத்தைப் புகழும் வேலையைப் பெரும்பாலும் கட்டையில் உட்கார்ந்திருப்பவர்தான் செய்கிறார். செலவில்லாத வேலை.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. இது நச்சுப் புத்தகம், பெண்ணைச் சுரண்டச் சொல்லிக்கொடுக்கிறது, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்கிறார்கள். இவர்களும் முதல் கட்சியைப் போலவே இதை அறநெறிப் பாடமாகத்தான் படிக்கிறார்கள்; மதிப்பெண் போடுவதில் மட்டும் வித்தியாசம்.

கொடையைப் பாடத் தெரிந்த நம் பழைய புலவர்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அது உடுத்தவும் உடுத்தாது, போர்த்தவும் போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தான் என்று புறநானூறு 141இல் பரணர் பாராட்டுகிறார். அதே பரணர் 145ஆம் பாட்டில் அந்தப் போர்வையைச் சொல்லிப் புகழ்ந்துவிட்டு, நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுற்றத்தின் பாரமும் இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் இதுதான்: இன்றிரவே தேரேறிப் போய், துன்பத்தில் இருப்பவளின் துயரைத் தீர் என்கிறார். பேகன் பிரிந்திருந்த மனைவி கண்ணகியைத்தான் (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல) சொல்கிறார். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டில் இருப்பவளின் அழுகை தெரியவில்லை. புகழ்ச்சியையும் இடித்துரைப்பதையும் ஒரே பாட்டில் வைக்க அவருக்கு முடிந்திருக்கிறது. ஒரு படக்கதைக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

ஆகவே புத்தகத்தை வாங்குங்கள், ஐந்து வயதுக் குழந்தைக்கும் தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள். குழந்தை முகம் சுளித்தால் சுளிக்கட்டும், மரத்தின் மேல் கோபம் வந்தால் வரட்டும். அன்னையர் நாளுக்கு வேறு எதையாவது கொடுங்கள். அம்மாக்களுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும். மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் தலைகாட்டாத பிள்ளைகளின் விலாசத்துக்கு அனுப்பினால் நானும் ஒரு பிரதிக்குப் பங்கு தருகிறேன்.