ஆமாம், நான் மாங்கா மடையன்தான்

சரி, எல்லோரும் சிரித்து முடித்தாயிற்றா? மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ் படித்துவிட்டு நான் போட்ட பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை மூன்று நாளாகச் சுற்றில் விட்டிருக்கிறீர்கள், நானும் ஸ்மைலி போட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு முடியவில்லை.

தப்பாகத்தான் படித்தேன். வாழ்க்கையில் முதல் மங்கா, தகெஹிகோ இனோவேயின் ஸ்லாம் டங்க் முதல் பாகம், மகளுடையது. புத்தகத்தை வலப்பக்கமிருந்து திறக்க வேண்டும் என்பது தெரியும், அதை எல்லோரும் சொல்வார்கள். பக்கத்துக்குள்ளேயும் கட்டங்கள் வலமிருந்து இடமாகத்தான் ஓடும், ஒரே கட்டத்தில் இரண்டு பேச்சு பலூன் இருந்தால் வலது பலூன்தான் முதல் என்பதை யாரும் சொல்லவில்லை. அதனால் எனக்கு முதலில் ஒருத்தன் நெற்றியில் புகை கிளம்பக் கீழே கிடந்தான், அப்புறம்தான் கதாநாயகன் சகுராகி தலையால் முட்டினான். அடடா, விளைவைக் காட்டிவிட்டுக் காரணத்துக்கு வருகிறார்கள், ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்று உருகிப் பதிவு போட்டேன். அழிக்க மாட்டேன்.

அதற்கு "மங்கா படிக்கிற மாங்கா மடையன்" என்று மீமா? அத்தனை பேர் சிரித்த இடத்தில் ஒரே ஒருவராவது "அண்ணே, வலது மேல்மூலையிலிருந்து ஆரம்பிங்க" என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே.

கூகுளில் பார்த்திருக்கலாமே என்கிறார் ஒரு தம்பி. முத்து காமிக்ஸை நாள் வாடகைக்கு எடுத்துப் படித்து வளர்ந்தவன் நான், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக வழி கேட்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்? அமெரிக்காவில் 80களிலும் 90களிலும் வாசகர் குழம்புவார் என்று பக்கங்களையே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சடித்தார்கள். வலக்கைக்காரன் எல்லாம் இடக்கைக்காரன் ஆனான், கிமோனோ உடையின் மடிப்பு மாறியது. ஜப்பானில் அப்படி மாற்றி மடிப்பது பிணத்துக்கு! பெரிய பெரிய பதிப்பாளர்களே பயந்த விஷயத்தில் நான் ஒருத்தன் தடுக்கி விழுந்ததுதான் உங்களுக்கு மூன்று நாள் தீனி.

"பேசாம அனிமே பாருங்க" என்கிறார் இன்னொருவர், அதாவது ஜப்பானிய அனிமேஷன். இதற்குப் பதில் இல்லை.

"விளையாட்டுக்குச் சொன்னதுண்ணே." அப்படியா? மீம் செய்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியும். என் பரணிலிருந்து பதினோரு பழைய காமிக்ஸைக் கூரியர் செலவும் போட்டு அனுப்பினேனே, அவர்தான். எதை முதலில் படிப்பது என்று அன்றைக்கு அவர் கேட்டபோது உட்கார்ந்து வரிசை எழுதிக் கொடுத்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.

கடைசியில் சொல்லிக்கொடுத்தது மகள். அவளும் சிரித்தாள், சிரிக்காமலா. ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரித்தாள். வலது மேல்மூலையில் விரலை வைத்து இடப்பக்கம் இழுத்து, கீழே இறக்கி வலப்பக்கம் கொண்டுபோய், மறுபடி இடப்பக்கம். "எஸ் எழுதற மாதிரிப்பா. அவங்க எழுத்தே மேலேருந்து கீழே எழுதி வலமிருந்து இடமாப் போகும், கட்டமும் அதுகூடவே போகுது." அவ்வளவுதான், அரை நிமிடம்.

அன்றிரவே முதலிலிருந்து படித்தேன். ஐம்பதாவது பெண்ணும் சகுராகியை வேண்டாம் என்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்து வீட்டையே எழுப்பிவிட்டேன். மொத்தம் 31 பாகம், இப்போது இரண்டாவதில் இருக்கிறேன்.

தம்பி, அந்தப் பதினோரு புத்தகத்தையும் படித்து முடித்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கூரியர் செலவு இந்த முறையும் என்னுடையதே.