தொடக்க வெப்பம் சிறியதாக இருந்தால் போதுமா?

“தொடக்க வெப்பம் சிறியதாக இருந்தால் தீர்வு என்றென்றைக்கும் நிலைக்கும், பெரியதாக இருந்தால்தான் வெடிக்கும்” என்று, வெப்பம் தன்னைத்தானே கூட்டிக்கொள்ளும் வெப்பச் சமன்பாட்டைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வெடிப்பது என்றால், வெப்பநிலை முடிவுள்ள காலத்திலேயே முடிவிலியை எட்டுவது. விளிம்பில் வெப்பநிலையைப் பூஜ்யத்தில் பிடித்துவைத்த, எல்லையுள்ள பகுதிக்கு அது சரி. ஆனால் இங்கே பேச்சு விளிம்பே இல்லாத முழு வெளியைப் பற்றி. அங்கே கதை வேறு.

வெப்பம் பரவுவதைச் சொல்லும் வெப்பச் சமன்பாட்டோடு, யு (u) என்ற வெப்பநிலையின் பி-ஆம் (p) அடுக்கை வெப்பம் தரும் மூலமாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை 1966-இல் ஜப்பானியக் கணிதவியலாளர் ஹிரோஷி ஃபுஜிதா காட்டினார். வெளியின் பரிமாணம் என் (n) என்றால், பி-க்கு எல்லைக்கோடு 1 + 2/என். பி ஒன்றுக்கு மேல், இதற்குக் கீழ் இருந்தால், எதிர்மமற்ற தொடக்கம் எவ்வளவு சிறியதானாலும், முற்றிலும் பூஜ்யமாக இல்லாதவரை, தீர்வு முடிவுள்ள காலத்துக்குள் வெடித்தே தீரும். சரியாக எல்லைக்கோட்டிலும் அப்படித்தான். அது 1970-களில் நிறுவப்பட்டது.

காரணம் எளிது. பரவல் வெப்பத்தைக் காலத்தின் என்/2-ஆம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைக்கிறது. பி சிறியதானால் அந்த வேகம் மூலத்தை அடக்கப் போதாது. அதனால் இருபடி மூலம் (பி = 2) ஒரு பரிமாணத்தில் எப்போதும் வெடிக்கும் (எல்லை 3). அதே மூலம் மூன்று பரிமாணத்தில் (எல்லை 5/3) இருந்தால், சிறிய தொடக்கம் பிழைக்கும்.

அப்புறம், “சிறியது” என்றால் உயரம் மட்டும் அல்ல. தொலைவில் வேகமாகத் தேயவும் வேண்டும். எங்கும் 0.001 என்று தொடங்கினால், எத்தனை பரிமாணமானாலும், இருபடி மூலம் 1000-ஆம் நேர அலகில் வெடித்துவிடும்.