லீற்றரைச் சொல்லும் வாயால் கிலோவையும் சொல்லுங்கள்

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வன்னியில் உடையார்கட்டுப் பக்கம் உள்ளே போகிற கிரவல் றோட்டில் என் மோட்டார் சைக்கிளின் பின்பெட்டி கழன்று விழுந்தது. மாரி மழை. பள்ளமெல்லாம் நிரம்பி, எது ஆழம் எது மட்டம் என்று தெரியாத நேரம். பின்னால் டப்பென்று ஒரு சத்தம், பைக் திடீரென்று இலேசானது. திரும்பிப் பார்த்தால் பெட்டி செந்தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடக்கிறது. மூடி ஒரு பக்கம், கொப்பிகள் ஒரு பக்கம்.

தரம் 8 பிள்ளைகளின் விஞ்ஞானக் கொப்பிகள், 34. வீட்டில் இருந்து திருத்தலாம் என்று கொண்டுவந்தவை. பள்ளத்தில் விழுந்து நனைந்தவை பத்துப் பன்னிரண்டுதான். மற்றவை பெட்டிக்குள் இருக்கும்போதே நனைந்துவிட்டன. நிமிர்த்தி அடுக்கியிருந்த கொப்பிகளில் அடியிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு ஈரம் கோடு கீறினமாதிரி ஏறியிருந்தது. அது பள்ளத்துத் தண்ணீர் இல்லை, மழை. மூடியின் இடுக்கால் வந்து அடியில் தேங்கிய மழை. ஒரு பிள்ளை பழைய கலண்டர் தாளால் உறை போட்டு, பூவின் குறுக்குவெட்டை வர்ணப் பென்சிலால் பார்த்துப் பார்த்துக் கீறியிருந்தாள். சூலகத்துக்குப் பக்கத்தில் பேனையால் எழுதிய பெயர்களெல்லாம் நீலமாய்ப் பரவி, படம் ஒரு கறையாய்க் கிடந்தது.

18,500 ரூபா கொடுத்து வாங்கிய பெட்டி அது. ஆறு மாதம் ஆகவில்லை.

வாங்கின அன்று நான் கேட்டதும் கடைக்காரத் தம்பி சொன்னதும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "45 லீற்றர் அண்ணை. ரெண்டு ஹெல்மெட் போகும்." சரி, எத்தனை கிலோ தாங்கும் தம்பி? "அதெல்லாம் தாங்கும் அண்ணை." இல்லை, நான் கொப்பி ஏற்றுகிற ஆள், கிலோக் கணக்குச் சொல்லுங்கோ. "நீங்கள் பயப்படாதேங்கோ, எல்லாம் தாங்கும்." இவ்வளவுதான். அடுத்த கடையிலும் அதே 45 லீற்றர், அதே எல்லாம் தாங்கும். ஒரு வாளி தண்ணீர் மேலே ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே ஒரு பழைய பேப்பரை விரித்து, மூடிப் பூட்டி, ஊற்றித் திறந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரியும். அதற்கு அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ கடையைக் கொளுத்தட்டா என்று கேட்டமாதிரி!

விழுந்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அடித்தட்டைக் கழற்றி சேறு துடைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. தட்டின் அடிப்பக்கத்தில், பெட்டி பூட்டியிருக்கும்வரை எவர் கண்ணிலும் படாத இடத்தில், அச்சில் வார்த்த சின்ன எழுத்தில் இருக்கிறது: அதிகபட்சச் சுமை 3 கிலோ.

மூன்று கிலோ! கொப்பிக் கட்டை மட்டும் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 7 கிலோவும் கொஞ்சமும். அதோடு மழைக் கோட்டு, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், பங்சருக்கு ஒரு ரியூப், காற்றடிக்க ஒரு பம்ப். நான் ஆறு மாதத்துக்குக் கிட்ட 10 கிலோவுக்குமேல் ஏற்றி ஓடியிருக்கிறேன், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு முழுமுக ஹெல்மெட் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இரண்டு ஹெல்மெட் என்றால் மூன்று கிலோ. அப்படியென்றால் "ரெண்டு ஹெல்மெட் போகும்" என்று கடைக்காரத் தம்பி சொன்னது இடத்தின் கணக்கு மட்டும் இல்லை, பாரத்தின் கணக்கும் அதுதான். 45 லீற்றர் இடத்தைக் காட்டி விற்கிறார்கள். அதில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பினாலே 22 கிலோ.

தெரியாத விஷயமும் இல்லை இது. மோட்டார் சைக்கிள் பெட்டி செய்கிற இத்தாலியின் கிவி நிறுவனம் 1978 இல் தொடங்கியது. அவர்கள் மொனொலொக், மொனொகீ என்று இரண்டு பூட்டு வகை வைத்து, முதலாவதுக்கு 3 கிலோ, மற்றதுக்கு 10 கிலோ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளைப் பார்த்து வார்த்துப் பெயரில்லாமல் இங்கே வந்து இறங்குகிறவற்றில் வடிவம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சிவப்பு றிப்ளெக்டர்கூட இருக்கிறது. கிலோ மட்டும் சேற்றுக்குள் ஒளிந்திருக்கிறது.

பின்பெட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பின்சில்லின் அச்சையும் தாண்டி, வாலில். கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பின்முனையில் பாரம் கூடினால் முன்பக்கம் தானாய் எழும்பும். பைக்கில் முன்பக்கம் என்பது ஹாண்டில். தார் போட்ட காப்பற் றோட்டில் அது தெரியாது. பரந்தனிலிருந்து விசுவமடுவரை நானும் தெரியாமல்தான் ஓடினேன். பிரதான றோட்டை விட்டு மணலிலும் சேற்றிலும் இறங்கினால் முன்சில்லு சொல்வழி கேட்காது, ஹாண்டில் கையில் ஆடும். கிரவலில் தகரம் போட்டமாதிரி வரிவரியாய் எழும்புகிற மேடு இருக்கிறதே, அதில் ஒவ்வொரு தூக்கிப் போடலுக்கும் அந்தப் பாரம் இரண்டு மடங்காய், மூன்று மடங்காய் அடித்தட்டில் இடிக்கும். போல்ட் இளகும், இளகினது ஆடும், ஆடினது அறுக்கும். என் தட்டில் நான்கு போல்ட்டில் இரண்டு எப்போது விழுந்தன என்றே தெரியாது. மூன்றாவதின் துளை விரிந்து நீள்வட்டமாகியிருந்தது. நைலோன் வளையம் வைத்த நட் போட்டிருந்தால் இவ்வளவு சுகமாய் இளகாது. ஒரு நட்டுக்கு என்ன விலை? அதைக்கூடப் போடவில்லை.

மழை மட்டுமல்ல, புழுதியும் அப்படித்தான். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கொப்பி மட்டைகளைத் தட்டினால் செம்மண் பறக்கும். மூடித்தானே இருக்கிறது, எப்படிப் போகிறது என்று யோசித்திருக்கிறேன். ஓடுகிற பைக்கின் முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழன்று திரும்பி வரும். சில்லு கிளப்புகிற புழுதியை அது நேரே கொண்டுவந்து பெட்டியில் ஒட்டும். மூடி விளிம்பு ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, நடுவில் நல்ல றப்பர் இருந்தால் நிற்கும். என் பெட்டியின் றப்பர் மூலைகளில் வெட்டி ஒட்டியது. வெயிலில் சுருங்கி மூலைக்கு மூலை ஒரு நெல்லுப் போகிற இடைவெளி. எந்தத் தறப்பாள் ஒழுகும், எது ஒழுகாது என்று வன்னியில் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தச் சனத்திடம் இதைக் கொண்டுவந்து தண்ணீர் போகாது என்று விற்கிறார்கள்.

பக்கப் பெட்டி போடலாமே என்று இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். உண்மைதான், பாரம் கீழே நிற்கும், ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் என்னுடையது 100 சீசீ இந்தியப் பைக். இடப்பக்கம் சாறிக் கம்பி, வலப்பக்கம் சைலன்சர். அதற்குப் பொருந்துகிற சட்டம் எந்தக் கடையிலும் இல்லை, வருவதெல்லாம் பெரிய பைக்குகளுக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் இங்குள்ள சனம் பழைய பைக்குகளைத் திருத்தித் திருத்தித்தான் ஓடியது, இன்னும் ஓடுகிறது. அவற்றுக்குச் சட்டம் கொண்டுவர ஒரு கடைக்காவது தோன்றவில்லையா? துணிப் பை வாங்கிப் பார்த்தேன், ஒரு மாதம். அதைப் பற்றிக் கதைக்கவே விருப்பமில்லை.

அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போகிற நாளில் இன்னொரு பாடு. பெட்டி ஆசனத்தின் பின்பகுதிக்குள் நான்கு விரல் வந்து நிற்கிறது. அம்மா சாறியோடு ஒருபக்கமாய் இருப்பவர், பெட்டி முதுகில் இடித்து இடித்து முன்னுக்குத் தள்ளி, பரந்தனிலிருந்து கிளிநொச்சி போவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். பெட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினால் துலாக் கதை. முன்னுக்குப் பூட்டினால் அம்மாவின் முதுகு. அளந்து பார்த்து விற்கவேண்டிய பொருளை உழுந்து அளக்கிறமாதிரி லீற்றரில் அளந்து விற்றால் வேறு என்ன நடக்கும்?

இதை எல்லாம் விடியப்புறத்தில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிற மீன்கார அண்ணையிடம் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அவருடைய மோட்டார் சைக்கிளில் வெள்ளை நுரையாலான ரெஜிபோம் பெட்டி, அதற்கு வெளியே பலகைக் கூடு, அதற்குக் கீழே முக்கால் அங்குல இரும்புச் சட்டம். ஐஸோடு சேர்த்து 40 கிலோவுக்குக் குறையாது. வருசக்கணக்காய் அதே றோட்டில் ஓடுகிறார். வெள்ளிக்கிழமை மறித்துக் கிட்டநின்று பார்த்தேன். சட்டத்தின் கால்கள் வால் கம்பியில் இல்லை. இரண்டு பக்கமும் கீழே இறங்கி, ஷொக் அப்சோபர் பூட்டுகிற மேல் போல்ட்டிலும் கால்மிதியின் அடியிலும் ஏறியிருக்கின்றன. பெட்டி பாதிக்குமேல் ஆசனத்தில் இருக்கிறது. சுற்றிவர சைக்கிள் ரியூப்பை வார்வாராய் வெட்டி இறுக்கியிருக்கிறார். இரும்பும் இரும்பும் நேரே முட்டாமல் இடையில் றப்பர் துண்டு. "பாரம் ஆசனத்தில இருக்கவேணும் சேர், வாலில தொங்கக்கூடாது" என்றார். கடைகளில் ஒருவரும் எனக்குச் சொல்லாததை அவர் மீன் நிறுத்துக்கொண்டே சொன்னார். வெல்டிங் கடைக்காரர் ஒருவரும் அவரும் சேர்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது அது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பெட்டியின் வெளிப்பக்கத்தில், லீற்றர் எழுதுகிற அதே அளவு எழுத்தில், தமிழில் கிலோவை ஒட்டுங்கள். வாங்க வருகிறவர் என்ன ஏற்றுகிறார், எந்த றோட்டில் போகிறார், பின்னுக்கு யார் இருக்கிறார் என்று கேளுங்கள். கடைவாசலில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். 3 கிலோதான் தாங்கும் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தால், நான் அந்த 18,500 ரூபாவை அப்படியே வெல்டிங் கடையில் கொடுத்திருப்பேன், மிச்சமும் வந்திருக்கும்.

கொப்பிகளை அடுப்படியில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்தவை அப்பளம்போல் நெளிந்து நிற்கின்றன. ஒன்பது கொப்பி வாசிக்கவே முடியாது. வெள்ளிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது, அந்தப் பூப் படம் கீறிய பிள்ளை எழும்பி, "பரவாயில்லை சேர், நான் திரும்பக் கீறுறன்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஏன் திரும்பக் கீறவேண்டும்?

நாளைக்கு வெல்டிங் கடைக்குப் போகிறேன். சட்டம் ஏறும்வரை கொப்பிகள் யூரியாப் பைக்குள், ஆசனத்தில், ரியூப்பால் கட்டித்தான் வரும்.