பிறந்த தேதியைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீல்

சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பெண் வந்தார். "அண்ணா, இதுல அஞ்சு கொப்பி போட்டுத் தாங்க" என்றார். பிறந்து வளர்ந்தது எல்லாம் வேலூர்தான். 'கொப்பி' என்ற இலங்கைப் பேச்சு மட்டும் அம்மா வாயிலிருந்து வந்திருக்கிறது.

நீட்டியது பிறப்புச் சான்றிதழ். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்னால் ஒட்டிய செலோடேப்பே பழுத்துப் போயிருந்தது. பென்ட்லண்ட் ஆஸ்பத்திரி, வேலூர். வருஷம் 1986. பாஸ்போர்ட் கேட்டுப் போன இடத்தில் "நீங்க அகதி, கிடைக்காது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

எனக்கு வயிறு எரிந்தது. குடியுரிமைச் சட்டம் 1955-ன் 3-வது பிரிவைப் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சில விலக்கு போக, பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்பா அம்மா படகில் வந்தார்களா என்ற கேள்வியே அதில் கிடையாது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அவர் 2024-ல் ஓட்டும் போட்டுவிட்டார். அந்தத் தீர்ப்பை இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் தம்பி பிறந்தது 1988. அதே ஆஸ்பத்திரி, அதே அம்மா. ஆனால் தேதி தாண்டிவிட்டதால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கலாம் என்றால் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல் குறுக்கே நிற்கிறது. அந்தச் சொல்லிலிருந்து சில நாட்டவருக்கு விலக்கு தந்த 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லவே இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை கிடையாது என்று 2025-ல் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. நல்லதுதான், பயம் குறையும். குடியுரிமை வேறு சங்கதி.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழி அந்தந்தக் காகிதத்துக்குள்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த வக்கீல் வேண்டும். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, 12-வது பிரிவு இலவச வக்கீலுக்கு 'குடிமகன்' என்று நிபந்தனை போடவில்லை. பெண்களுக்கு வருமானம்கூடப் பார்ப்பதில்லை. இனக் கலவரத்தில் பாதிக்கப்பட்டவர் என்றே அதில் தனியாக எழுதியிருக்கிறது. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரி வேண்டுமா?

2021-ல் முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், பிறகு புது வீடும் கட்டித் தந்தார்கள். மனசார வரவேற்கிறேன். வீட்டுச் சாவி கொடுத்த அன்றைக்கே ஒரு மேஜை போட்டு எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்திருந்தால், இந்தப் பெண் பஸ் ஏறி என் கடைக்கு வந்திருக்க வேண்டாம்.

வேலூர் வக்கீல் நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முகாமில் அனுமதி வாங்கும் வேலையில் நானும் கூட ஓடுகிறேன். ஜெராக்ஸ் என் செலவு. முகாமில் இருந்து இதைப் படிப்பவர்கள் 15100-க்குப் போன் போடுங்கள், இலவசச் சட்ட உதவி எண் அது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் வீட்டில் இருந்தால், அந்தச் சான்றிதழை இன்று ராத்திரியே தேடி எடுத்து வையுங்கள்.