வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பிட்டு ஆள் பத்தலன்னா எப்படி?

2020-ல கொரோனா வந்து பிளைட் எல்லாம் தரையிலயே நின்னப்ப, அமெரிக்க அரசாங்கம் ஏர்லைன் ஸ்டாஃப் சம்பளத்துக்குன்னே காசு குடுத்துச்சு, பாசஞ்சர் ஏர்லைன்களுக்கு மட்டும் மூணு தவணையில சுமார் 5,400 கோடி டாலர். அதுல முக்கியமான கண்டிஷன், யாரையும் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆனா வி.ஆர்.எஸ். குடுக்க தடை இல்ல. டெல்டா ஏர்லைன்ஸ்ல மட்டும் 17,000 பேருக்கு மேல அப்படி கிளம்பினாங்க, அதுல சுமார் 1,800 பேர் பைலட்டுங்க. போனவங்கள நான் குத்தம் சொல்லல, பைலட்டுன்னா 65 வயசானா எப்படியும் இறங்கித்தான் ஆகணும், மெடிக்கல் இன்சூரன்ஸோட ஒரு பேக்கேஜ் குடுத்தா யார் வேணாம்பாங்க?

முதல் தவணை செப்டம்பர் 30-ஓட முடிஞ்சுது, மறுநாளே அமெரிக்கன், யுனைடெட்ங்கற ரெண்டு ஏர்லைனும் சேர்ந்து 32,000 பேருக்கு மேல ஃபர்லோல, அதாவது சம்பளமில்லாம தற்காலிகமா வீட்டுக்கு, அனுப்பிட்டாங்க. யார அனுப்பினாங்க? சீனியாரிட்டி லிஸ்ட்ல கடைசியில இருக்கறவங்கள, அதாவது கடன வாங்கி படிச்சு இப்பத்தான் வேலைக்கு வந்த பசங்கள. ஆக மேல அனுபவசாலிங்க காலி, கீழ புதுசா வந்தவங்க காலி. டிசம்பர் கடைசியில ரெண்டாவது தவணை வந்ததும் ஃபர்லோ பண்ணவங்கள திரும்பக் கூப்பிட்டு, டிசம்பர் 1-லேர்ந்து சம்பளமும் போட்டாங்க, அது நல்ல விஷயம்தான்.

ஆனா போன் பண்ணிக் கூப்பிட்டா மறுநாளே வந்து ஓட்டற வேலையா இது? 90 நாளுக்குள்ள மூணு டேக்ஆஃப் மூணு லேண்டிங் பண்ணாத பைலட் பாசஞ்சர ஏத்திக்கிட்டு பறக்கவே கூடாது, தரையிலயே ஓட்டிப் பழகற சிமுலேட்டர் மெஷினுக்கு கியூ வேற, அதுலயும் பெரிய பிளைட் கேப்டன் ஒருத்தர் ரிட்டயர் ஆனா அந்த சீட்டுக்கு அதவிட சின்ன பிளைட்டான 737-ஓட கேப்டன் போவாரு, அவர் சீட்டுக்கு ஒரு ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை பைலட்), அவர் இடத்துக்கு இன்னொருத்தர், இப்படி ஒரு ஆள் போனதுக்கு நாலஞ்சு பேருக்கு புது டிரெய்னிங் வேணும். ஃபர்லோல போனவர திரும்ப கூப்பிடலாம், வி.ஆர்.எஸ்.ல போனவர் போனவர்தான். இது ஏர்லைன் மேனேஜ்மென்ட்டுக்கு தெரியாதா என்ன?

2021 ஈஸ்டர் அன்னிக்கு டெல்டா ஸ்டாஃப் இல்லாம நூறு பிளைட் போல கேன்சல் பண்ணுச்சு. ஜூலையில அமெரிக்க செனட்டர் மரியா கேன்ட்வெல் ஆறு ஏர்லைனுக்கு லெட்டர் போட்டு, ஆள வச்சிக்கத்தானே காசு வாங்கினீங்க, அப்புறம் ஏன் ஆள் இல்லன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஏர்போர்ட்ல ராத்திரி தரையில படுத்துக் கிடந்தது அந்தக் காசுக்கு வரி கட்டின ஜனங்கதானே. இனிமே அப்படி ஒரு நிலைமை வந்தா, எந்தெந்த வேலையில எத்தன பேருக்கு வி.ஆர்.எஸ். தரப்போறாங்க, அந்த இடத்த யார வச்சு எப்ப நிரப்பப்போறாங்கன்னு எழுதி வாங்கிட்டுத்தான் ஒரு டாலர் ஆனாலும் குடுக்கணும்.